ஆறாவது பெயர்

எங்கள் கல்லூரித் தமிழ் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு மாதமும் அந்த மாதத்தில் பிறந்த பெரியார்களைப் பற்றிச் சிறு குறிப்புகள் எழுதி, மண்டப வாசலில் இருக்கும் அறிவித்தல் பலகையில் ஒட்டுவோம். சென்ற வருடம் ஓகஸ்ட் மாதம் என் பங்குக்கு வந்தது. "பாடப்புத்தகத்தில் இருக்கிறவர்களையே திரும்பத் திரும்ப எழுதாமல் புதிதாக யாரையாவது தேடுங்கள்" என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

இரண்டு பின்னேரம் நூலகத்தில் இருந்து தேடினேன். தேடும்போது 1913 என்ற ஆண்டு அடிக்கடி கண்ணில் பட்டது. ஒரே ஆண்டின் ஒரே மாதத்தில் பிறந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. ஐந்து பெயர்கள் சேர்ந்தன.

ஓகஸ்ட் 2, தனிநாயகம் அடிகள். ஊர்காவற்றுறைப் பகுதியிலுள்ள கரம்பனைச் சேர்ந்தவர். தமிழ் ஆராய்ச்சியை உலக அரங்குக்குக் கொண்டுபோனவர்.

ஓகஸ்ட் 13, பேராயர் மக்காரியோஸ். சைப்பிரஸ் தீவில் ஆடு மேய்ப்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்து, 1960இல் அந்த நாட்டின் முதலாவது ஜனாதிபதியானவர்.

ஓகஸ்ட் 20, ரோஜர் ஸ்பெரி. அமெரிக்கர். மூளையின் இரு பாதிகளும் எவ்வாறு வேறு வேறாகத் தொழிற்படுகின்றன என்று ஆராய்ந்து 1981இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

ஓகஸ்ட் 30, கவிஞர் அப்துல் காதர் லெப்பை. காத்தான்குடியில் பிறந்தவர். இக்பாலையும் உமர் கையாமையும் நம் தமிழில் பாடித் தந்தவர்.

ஓகஸ்ட் 31, பேர்னாட் லொவெல். இங்கிலாந்தைச் சேர்ந்தவர். ஜொட்ரெல் பாங்க் என்ற இடத்தில் 76 மீற்றர் விட்டமுள்ள பெரிய வானொலித் தொலைநோக்கியை 1957இல் அமைத்து முடித்தவர்.

எனக்குப் பெருமைதான். ஒரே மாதத்தில் ஒரு தமிழறிஞர், ஒரு நாட்டின் தலைவர், ஒரு கவிஞர், இரண்டு விஞ்ஞானிகள். அழகாக எழுதிக் கொண்டுபோய் டீச்சரிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"நல்லாயிருக்கு. ஆனால் இது பெண்பிள்ளைகள் படிக்கிற கல்லூரி. ஐந்து பேரும் ஆண்கள். அந்த மாதம் உலகத்தில் ஒரு பெண்குழந்தையும் பிறக்கவில்லையா?"

அவர் பகிடியாகத்தான் கேட்டார். எனக்கு அது மனதில் தைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து உம்மம்மாவிடம் சொன்னேன். அவர் சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து பெயர்களையும் வாசித்துக் காட்டியபோது, கரம்பன் என்ற பெயர் வந்ததும் தலையை நிமிர்த்தினார்.

"கரம்பனோ? அது எங்கட தீவுதானே, மகள். மண்கும்பானில இருந்து அதே ரோட்டால போக வாறது. ஆர் அந்தப் பெரியவர்? எந்த வருஷம் பிறந்தவர்?"

சொன்னேன்.

"எங்கட உம்மாவும் அந்தக் காலத்துப் பிள்ளைதானே. நோம்பு மாசத்தில பிறந்தவ. பெரிய சண்டை தொடங்கிறதுக்கு முதல் வருஷத்து நோம்பு எண்டு சொல்லுவா. பாதி நோம்பு முடிஞ்சு நல்ல நிலவுக் காலமாம். ஸஹருக்கு எழும்பின சனம்தான் முதல் வந்து பிள்ளையைப் பார்த்ததாம்."

உம்மம்மாவின் உம்மாவை எங்கள் வீட்டில் மூத்தம்மா என்று சொல்வோம். நான் அவரைக் கண்டதில்லை. நான் பிறப்பதற்குச் சில வருடங்களுக்கு முன்பே புத்தளத்தில் மௌத்தாகிவிட்டார். அவருக்குப் பிறந்தநாள் என்று ஒன்று இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அன்று இரவு கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். பெரிய சண்டை என்றால் முதலாம் உலக யுத்தம். அது தொடங்கியது 1914 யூலைக் கடைசியில். அந்த வருடத்து ரமழானும் ஏறக்குறைய அதே நாட்களில்தான் தொடங்கியிருக்கிறது. ஹிஜ்ரி ஆண்டு நம் நாட்காட்டி ஆண்டை விடப் பத்துப் பதினொரு நாள் குறைவு. ஆகவே அதற்கு முந்திய நோன்பு, அதாவது ஹிஜ்ரி 1331இன் ரமழான், 1913 ஓகஸ்ட் 4 அளவில் தொடங்கிச் செப்டெம்பர் 2 அளவில் முடிந்திருக்கிறது. பிறை பார்ப்பதில் ஒரு நாள் முன்பின் ஆகலாம். ஆனால் பாதி நோன்பு கழிந்து நிலவு காய்ந்த நாட்கள் என்றால் அது ஓகஸ்ட் நடுப்பகுதி. அதில் சந்தேகம் இல்லை.

பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் அப்படியே இருந்தேன். நான் நூலகம் முழுவதும் தேடிய அந்த மாதத்தில், மண்கும்பானில் ஒரு பெண்குழந்தை பிறந்திருக்கிறது. அந்தக் குழந்தையின் கொள்ளுப்பேத்தி நான்.

அந்த விடுமுறையில் வாப்பா எங்களை மண்கும்பானுக்குக் கூட்டிக்கொண்டு போனார். யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பாலத்தைத் தாண்டினால் இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, அதன் பிறகு மண்கும்பான். வெள்ளை மணல், பனைமரங்கள், பிள்ளையார் கோயில், பள்ளிவாசல். மணல் கும்பி கும்பியாகக் கிடந்ததால்தான் அந்தப் பெயர் என்று உம்மம்மா சொல்வார். ஊர்த் தண்ணீரைக் குடித்துப் பார்க்கச் சொல்லி ஒரு வீட்டில் செம்பில் தந்தார்கள். உப்புக் கடல் சூழ்ந்த தீவில் அவ்வளவு நல்ல தண்ணீர். உம்மம்மா இரண்டு செம்பு குடித்தார். தங்கள் வளவு இருந்த இடத்தில் நின்று, "இதில கிணறு, இதில வேம்பு, இதில அடுப்படி" என்று கையால் காட்டினார். கிணற்றுக் கட்டு மட்டும் மிச்சம் இருந்தது.

அதே பஸ் பாதையில் வேலணை வங்களாவடிச் சந்தியைத் தாண்டிப் போனால் கரம்பன் வருகிறது. அதற்கப்பால் ஊர்காவற்றுறைத் துறை. போகிற வழியெல்லாம் ஒரே விஷயந்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே தீவு. ஒரே மாதம். அங்கே பிறந்த ஆண்குழந்தை எங்கே போனது? இங்கே பிறந்த பெண்குழந்தை எங்கே போனது?

ஆண்குழந்தை போன வழியை எல்லோரும் அறிவார்கள். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியில் தொடங்கி, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி, கொழும்பு, பிறகு ரோமாபுரி. 1938இல் குருவானார். தமிழ்நாட்டில் வடக்கன்குளத்துப் பாடசாலையில் படிப்பிக்கப் போனபோதுதான் தனக்குத் தமிழ் போதாது என்று உணர்ந்தார். வயது இருபத்தேழு. வெட்கப்படாமல் ஒரு பண்டிதரிடம் பாடம் கேட்டார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தார். லண்டனில் பழந்தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை பற்றி ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். பேராதனையிலும் மலாயாவிலும் கற்பித்தார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தொடங்குவதற்கு முன்னின்றார். முதலாவது மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடந்தது. நான்காவது மாநாடு 1974இல், அவர் பள்ளிக்கூடம் போன யாழ்ப்பாணத்திலேயே நடந்தது.

பெண்குழந்தையின் வழியை உம்மம்மா சொல்லித்தான் நான் அறிந்தேன். மூத்தம்மாவின் வாப்பா சிறு வியாபாரி. ஊர்காவற்றுறைத் துறையில் சாமான் எடுத்து ஊர் ஊராக விற்றவர். பிள்ளைக்கு ஐந்து வயதானதும் பக்கத்து வீட்டு மாமி ஒருவரிடம் குர்ஆன் ஓதவிட்டார்கள். மூத்தம்மா கெதியாக ஓதி முடித்துவிட்டாராம். பெரியபிள்ளையானதும் ஓதலும் நின்றது. கிடுகுவேலிக்கு வெளியே போகவில்லை. பதினாறில் கலியாணம்.

பதின்மூன்று வயதில் யார் யார் எங்கே இருந்தார்கள் என்று பின்பு ஒரு நாள் கொப்பியில் எழுதிப் பார்த்தேன். 1926ஆம் ஆண்டு. தனிநாயகம் யாழ்ப்பாணத்தில் படித்துக்கொண்டிருக்கிறார். மக்காரியோஸ் அந்த வருடந்தான் கிக்கோஸ் மடத்தில் சேர்கிறார். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்த மடம் படிப்பைக் கொடுத்தது. ஸ்பெரி பதினொரு வயதில் தந்தையை இழந்தவர். தாய் ஒரு பாடசாலையில் வேலைக்குப் போய் மகனைப் படிக்கவைத்துக்கொண்டிருக்கிறார். லொவெல் தன் ஊர்ப்பக்கத்துப் பாடசாலையில் இருக்கிறார். அப்துல் காதர் லெப்பை ஆசிரியராக வரப்போகிற பிள்ளை, அவர் கையிலும் புத்தகம் இருந்திருக்கும். மூத்தம்மா கிடுகுவேலிக்கு உள்ளே இருக்கிறார்.

முதலில் நான் ஒரு சாட்டுச் சொல்லப் பார்த்தேன். அடிகளாருக்கு மிஷன் பள்ளிக்கூடம் இருந்தது, எங்கள் சனத்துக்கு அது இல்லை என்று. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் பிள்ளை மார்க்கத்தை மறந்துவிடும் என்று நம்மவர்கள் பயந்த காலம் அது. ஆனால் பட்டியலின் நான்காவது பெயர் அந்தச் சாட்டை விடவில்லை. அப்துல் காதர் லெப்பை நம்மவர். அவர் படித்தார், படிப்பித்தார், கவிஞரானார். யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பத்தில் 1911இல் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள், இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். 1942இல் அவர் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராகப் போனபோது இந்தக் கவிஞரும் அவரும் நெருங்கிய நண்பர்களானார்கள். அந்த இருவருக்கும் எட்டிய கல்வி, அவர்கள் வயதை ஒத்த மண்கும்பான் பெண்பிள்ளைக்கு எட்டவில்லை. அறிவைத் தேடுவது கடமை என்று மார்க்கம் சொல்லும்போது ஆணென்றும் பெண்ணென்றும் பிரித்துச் சொல்லவில்லை. நாமாகத்தான் வேலியைக் கட்டிக்கொண்டோம்.

அஸீஸ் அவர்கள் 1945இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கியது வசதியில்லாத பிள்ளைகள் படிப்பை விடக்கூடாது என்பதற்காக. அப்போது மூத்தம்மாவுக்கு வயது முப்பத்திரண்டு. கையில் ஐந்து பிள்ளைகள்.

இவ்வளவும் எழுதிவிட்டு உம்மம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "மூத்தம்மா எழுத வாசிக்கத் தெரியாதவர்" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். அந்த இடத்தில் உம்மம்மாவின் முகம் மாறிவிட்டது.

"ஆர் சொன்னது அப்பிடி?"

"நீங்கள்தானே சொன்னீங்கள், கைநாட்டுப் போட்டவ எண்டு?"

"கைநாட்டுப் போடவைச்சாங்கள் எண்டு சொன்னனான். தெரியாது எண்டு சொல்லயில்லையே!"

அப்போதுதான் முழுக் கதையையும் சொன்னார். 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் தீவகத்தில் சண்டை மூண்டது. சனம் ஊரை விட்டு ஓடியது. எழுபத்தேழு வயது மூத்தம்மாவைச் சைக்கிள் கரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டுதான் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே சொந்தக்காரர் வீட்டில் இரண்டு மாதம். ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மூத்தம்மா கையில் எடுத்தது ஒரு குர்ஆனும் ஒரு மாற்றுச் சேலையும்.

புத்தளத்துக்கு வந்து அகதி முகாமில் இருந்த நாட்களில் நிவாரண அட்டைக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்தவர் பிறந்த திகதி கேட்டார். "நோம்பு மாசம், மகன்" என்றார் மூத்தம்மா. அவர் தன்பாட்டில் 1915 ஜனவரி 1 என்று எழுதினார். "கையெழுத்துப் போடத் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும் மகன், ஆனால் நான் எழுதிறது அரபெழுத்து" என்று சொல்லி முடிப்பதற்குள் மைப்பெட்டியை முன்னால் தள்ளிவிட்டார். பின்னால் நீண்ட வரிசை. மூத்தம்மா பெருவிரலை அழுத்திவிட்டு வந்தார். வரும் வழியில் ஒன்றும் பேசவில்லையாம். முகாமுக்கு வந்து விரலைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாராம்.

"அரபெழுத்து எண்டால் குர்ஆன் ஓதிறதுதானே?" என்று கேட்டேன்.

உம்மம்மா எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, பச்சைத் துணி உறையில் இருந்த அந்தப் பழைய குர்ஆனை எடுத்து வந்தார். உறைக்குள் நாலாக மடித்த ஒரு தாள். சின்ன வயதில் நானும் அதைக் கண்டிருக்கிறேன். ஏதோ துஆ எழுதியிருக்கிறது என்று நினைத்து, கண்ணில் ஒற்றிவிட்டுத் திரும்ப வைத்திருக்கிறேன்.

"ஓதிப் பார்" என்றார்.

வழமைபோல ஓதத் தொடங்கினேன். முதல் எழுத்து மீம். அடுத்தது நூன். அதன்மேல் எனக்குப் பழக்கமில்லாத புள்ளிகள். எந்த ஆயத்தும் வரவில்லை. எழுத்துக் கூட்டினேன். ம... ண்... கு... ம்... பா... ன்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அது அரபு இல்லை. தமிழ். அரபு எழுத்தில் எழுதிய எங்கள் ஊர்ப் பெயர். அடுத்த வரிகளில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் பிறந்த பிறையும் கிழமையும். ஏழு பிள்ளைகள். கடைசி வரியில் என் உம்மம்மாவின் பெயர். இடையில் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில், "ஒன்பது நாள் இருந்தது" என்று மட்டும் எழுதியிருந்தது.

அதுதான் அரபுத்தமிழ். ப, ட, ள, ழ போன்று அரபியில் இல்லாத நம் ஒலிகளுக்காக, அரபு எழுத்துகளில் புள்ளிகள் சேர்த்து நம் முன்னோர் ஆக்கிக்கொண்ட எழுத்து முறை. குர்ஆன் ஓதத் தெரிந்த எவரும் சிறிது பழகினால் அதை வாசிக்கலாம். பள்ளிக்கூடம் போகாத பெண்கள் மார்க்கம் படித்ததும், மாலைகளை ராகத்தோடு வாசித்ததும், தூரத்தில் இருக்கும் மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுதியதும் அந்த எழுத்தில்தான். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் 19ஆம் நூற்றாண்டில் அந்த எழுத்தில் எழுதிய மார்க்க நூல்கள் கடல் கடந்து நம் ஊர்களுக்கும் வந்தன. மூத்தம்மாவின் பெட்டகத்திலும் அப்படிப் புத்தகங்கள் இருந்தனவாம். நோன்பு இரவுகளில் அயலுப் பெண்கள் கூடுவார்களாம். மூத்தம்மா விளக்கை இழுத்து வைத்து வாசிப்பாராம். பெட்டகம் மண்கும்பானிலேயே நின்றுவிட்டது. இந்தத் தாள் ஒன்றுதான் மிச்சம்.

இந்த இடத்தில் மறுபடி அடிகளார் என் நினைவுக்கு வந்தார். அவர் செய்த பெரிய வேலைகளில் ஒன்று, வெளிநாட்டு நூலகங்களில் மறந்து கிடந்த பழைய தமிழ் நூல்களைத் தேடிப் பார்த்து உலகுக்கு எடுத்துச் சொன்னது. லிஸ்பன் நகரில் 1554இல் அச்சான ஒரு சிறு சமய நூல் அவற்றில் ஒன்று. அதில் இருப்பது தமிழ், ஆனால் எழுத்து உரோமன் எழுத்து. அப்போது தமிழ் அச்செழுத்து இன்னும் வார்க்கப்படவில்லை. 1679ஆம் ஆண்டின் தமிழ் போர்த்துக்கேய அகராதி ஒன்றையும் அவர் 1966இல் மீண்டும் பதிப்பித்தார். அந்த லிஸ்பன் நூலைப் பற்றி எழுதுகிற எவரும் அதை எழுதியவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று சொல்வதில்லை. வேறெழுத்தில் எழுதினாலும் தமிழ் தமிழ்தான் என்று போற்றுகிறார்கள்.

அப்படியானால் என் மூத்தம்மாவும் தமிழ் எழுதத் தெரிந்தவர்தான். அவருடைய பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தியவர்களுக்கு மட்டுமல்ல, அவரை எழுத்தறியாதவர் என்று கொப்பியில் எழுதிய எனக்கும் அது தெரியாமல் போய்விட்டது.

சகோதரிகளே, பெரியார்களின் பிறந்தநாளை நாம் ஏன் நினைவுகூர்கிறோம் என்று அன்று யோசித்தேன். பிறந்த மாதத்தில் ஒரு சிறப்பும் இல்லை. 1913 ஓகஸ்டில் உலகமெங்கும் எத்தனையோ குழந்தைகள் பிறந்திருக்கும். அந்த ஐந்து பேரையும் தூக்கி நிறுத்தியவை இரண்டு. ஒன்று, அவர்களை யாரோ படிக்கவைத்தார்கள். மற்றது, அவர்கள் செய்ததை யாரோ எழுதி, அச்சிட்டு, பாதுகாத்து வைத்தார்கள். மூத்தம்மாவுக்கு முதலாவது கிடைக்கவில்லை. இரண்டாவதை அவரே தன்னால் இயன்ற அளவுக்குச் செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார், ஒரே ஒரு தாளில்.

படிப்பு நமக்குக் கிடைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். நம் உம்மாமார் அகதி முகாமில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தும், படிக்க முடியாமல் இடையில் விட்டும், நம்மை இந்தக் கல்லூரி வாசல் வரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். எழுதிப் பாதுகாக்கும் வேலை நம்முடையது. உங்கள் வீட்டிலும் ஒரு பழைய குர்ஆன் உறை இருக்கலாம், ஒரு தகரப் பெட்டி இருக்கலாம். துஆ என்று நினைத்து மடித்து வைத்திருக்கும் தாளை ஒருமுறை எழுத்துக் கூட்டி வாசித்துப் பாருங்கள். தாள் ஒன்றும் இல்லையென்றால் உங்கள் உம்மம்மாவிடம், வாப்பும்மாவிடம் கேளுங்கள். எந்தப் பெருமழை வருஷம், எந்தப் பெருநாளுக்கு எத்தனை நாள் முன் என்று அவர்கள் சொல்வார்கள். மிச்சக் கணக்கை நீங்கள் போடலாம். பெற்றோரே, பிள்ளைகள் வந்து கேட்டால், "அதெல்லாம் பழைய கதை" என்று தட்டிவிடாதீர்கள்.

விடுமுறை முடிந்து கல்லூரி தொடங்கியபோது ஓகஸ்ட் கழிந்துவிட்டது. இருந்தாலும் டீச்சரிடம் கேட்டுக்கொண்டு பலகையில் இன்னொரு தாளை ஒட்டினேன். ஐந்து பெயர்களுக்குக் கீழே ஆறாவதாக மூத்தம்மாவின் பெயரை எழுதினேன். ஊர், மண்கும்பான். பிறப்பு, ஹிஜ்ரி 1331 ரமழான், 1913 ஓகஸ்ட். சிறப்பு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நெடுநேரம் யோசித்துவிட்டு, "ஏழு பிள்ளைகளின் பிறப்பைத் தன் கையால் எழுதிவைத்தவர்" என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது அதன் கீழே வேறு வேறு கையெழுத்துகளில் நாலைந்து பெண்களின் பெயர்கள் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. வருடமும் ஊரும் போட்டு.

மூத்தம்மாவின் தாளில் ஏழு பிள்ளைகளின் பிறப்பு இருந்தது. அவருடைய பிறப்பு மட்டும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு உம்மம்மாவும் நானும் அந்தத் தாளை மேசையில் விரித்தோம். உம்மம்மா புள்ளிகள் எங்கெங்கே இடவேண்டும் என்று சொல்லித் தந்தார். மூத்தம்மாவின் எழுத்தில், மூத்தம்மாவின் பெயரையும் மாதத்தையும் கடைசி வரியாக நான் எழுதினேன். ஒரு புள்ளி பிழைத்துவிட்டது.

"பறவாயில்லை மகள். உம்மாவுக்கு விளங்கும்" என்றார் உம்மம்மா.